எழுந்து போனவருக்கும் அதே பெயர்

மகனே,

உனக்கு ஸலாம். பெரியகுளத்திலிருந்து நீ அனுப்பிய வக்காலத்துத் தாள் வந்து சேர்ந்தது. கொண்டுவந்த வண்டிக்காரர், கையெழுத்தை வாங்கிக்கொண்டே திரும்ப வேண்டும் என்று நீ சொன்னதாகச் சொல்லித் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். மாட்டை அவிழ்த்துக் கட்டச் சொல்லி, அவருக்குச் சோறு போடச் சொல்லிவிட்டேன். காலையில் கிளம்பும்போது அவர் கையில் இந்தக் கடிதமும் இருக்கும். கையெழுத்து இருக்கிறதா இல்லையா என்று அவசரமாகத் தாளைப் பிரித்துப் பார்க்காதே. சின்ன வயதிலிருந்தே உனக்குப் பொறுமை கொஞ்சம் குறைச்சல். ஒரு தடவையாவது அத்தா சொல்வதை முதலிலிருந்து கேள்.

காரியம் என்ன என்று எனக்குப் புரியாமல் இல்லை. உன் பெரியத்தாவாகிய என் அண்ணனின் மகன் காதர் மேலத்தெருவில் வைத்திருக்கும் கடைக்கு மெட்டுக்கடை என்று பலகை மாட்டியிருக்கிறான். நம் கடைக்கும் அதே பெயர்தான். அந்தப் பலகையைக் கோர்ட்டு மூலமாக இறக்க வைக்க வேண்டும் என்கிறாய். கடை என் பெயரில் இருப்பதால் நான் கையெழுத்துப் போடாமல் உன் வழக்கு வாசல்படி தாண்டாது. உன் வக்கீல் சொன்னதையும் எழுதியிருக்கிறாய். பெரியத்தாவை யாரும் போகச் சொல்லவில்லை, தானாகத்தான் எழுந்து போனார், எழுந்து போனவர் பெயரையும் இங்கேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், அதுதான் சட்டம் என்று. அவர் படித்தவர், சட்டம் அவருக்குத் தெரியும். ஆனால் இதே வழக்கை, வேறு ஒரு பெயருக்காக, நான் உன் வயதில் இருந்தபோது நம் கடைக்குள்ளேயே கேட்டிருக்கிறேன். தீர்ப்பையும் கேட்டேன். அதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. பந்து விளையாட்டுச் சங்கதியை வியாபாரம் செய்கிற பிள்ளையிடம் என்ன சொல்வது என்று இருந்துவிட்டேன்.

அப்போது மலைக்கு வண்டிப் பாதை கிடையாது. மலையுச்சிக் கணவாயான மெட்டுக்கு ஏறுகிற ஒற்றையடிப் பாதையில் பொதி மாடுகள்தான் போகும். அரிசி, உப்பு, கருவாடு, கம்பளி எல்லாம் நம் கடையிலிருந்து மாட்டு முதுகில் ஏறும். ஏலக்காய் அதே முதுகில் இறங்கும். பாதி மலையில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று கீழத் தோட்டத்துக்கு, மற்றது அந்தத் தோட்டத்து நிலத்தைக் கடந்து மேலத் தோட்டத்துக்கு. இரண்டுக்கும் வெள்ளைக்காரத் துரைமார். வாயில் நுழையாத அவர்கள் பெயரை விட்டுவிட்டு ஜனங்கள் மேலத் துரை, கீழத் துரை என்றே கூப்பிட்டார்கள். மாட்டுக்கு முதுகு ஒன்றுதானே. அதனால் கடையில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். இரண்டு தோட்டமும் ஒரே சாமானைக் கேட்டால் ஒரே பொதியாகக் கட்டி ஏற்றி, பாதை பிரிகிற இடத்தில் பிரித்துக் கொடுப்போம். உன் பெரியத்தா இதில் கெட்டிக்காரர். இடம் மிச்சம் பிடிப்பதில் அவருக்கு இருந்த சந்தோஷம் லாபத்தில்கூட இருந்ததில்லை.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் மேலத் துரை கடைக்கு வந்து, மதராசிலிருந்து ஒரு ஃபுட்பால் தருவித்துக் கொடுக்க வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். சில நாள் கழித்துக் கீழத் துரையின் ஆள் வந்து, துரைக்கு ஒரு ஃபுட்பால் வேண்டும் என்று என்னிடம் சொன்னார். பண்டிகையன்று மெட்டில், திருவிதாங்கூர்ச் சுங்கச் சவுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் புல்வெளியில் இரண்டு தோட்டத்து ஆட்களுக்கும் பந்தயம் என்று ஏற்பாடாம். நானும் அண்ணனும் பேசிப் பார்த்தோம். ஒரே பெயர், ஒரே பந்தயம். ஒரு பந்தயத்துக்கு எதற்கு இரண்டு பந்து என்றார் அண்ணன். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒரு பந்துக்குத்தான் எழுதினோம். அது மதராசிலிருந்து ரயிலில் அம்மையநாயக்கனூர் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் நம் போடிக்கு வந்தபோது பந்தயத்துக்கு முதல் நாள். நல்ல தோல், உருண்டையான பந்து. துரைமார் இருவருக்கும் நம் கையாலேயே கொடுப்போம் என்று நாங்களே தூக்கிக்கொண்டு மலையேறினோம்.

மேலத் துரை பந்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். இது நீளமாக அல்லவா இருக்க வேண்டும் என்றார். கீழத் துரை, உருண்டைதான் சரி என்றார். கூட்டம் சேர்ந்துவிட்டது, பெண்டு பிள்ளைகளெல்லாம் மலையேறி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சரி, இதை வைத்தே ஆடுவோம் என்று மேலத் துரை கையை உதறினார். அவர் அத்தனை நாளாகத் தன் ஆட்களுக்குச் சாக்கில் காய்ந்த ஏலச் சருகைத் திணித்து, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடவும், எதிராளியை இடுப்பில் பிடித்துச் சாய்க்கவும் பழக்கியிருந்தார். கீழத் துரையோ கந்தல் பந்தைக் காலால் தட்டிப் போகப் பழக்கியிருந்தார். கையால் தொட்டால் திட்டுவாராம். இருவரும் பேசி வைத்துக்கொண்டது ஃபுட்பால் ஆடுவோம் என்பது மட்டும்தான். இருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னதால் இருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்களுக்கு எங்கிருந்து வரும்?

ஆட்டம் தொடங்கியதும் மேலத் தோட்டத்துக் கருப்பையா பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான். திருட்டு, திருட்டு என்று கீழத் தோட்டத்தார் கத்தினார்கள். பந்தை அணைத்தபடி அவன் கீழே விழுந்தான். பந்து எங்கே இருந்தாலும் காலால் உதை என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள் ஓடி வந்து உதைத்தார்கள். உதை பந்தில் படவில்லை. விலா எலும்பு உடைந்து அவன் சுருண்டுகொண்டான். பிறகு நடந்தது விளையாட்டு இல்லை. யாருமே முறை தவறி நடக்கவில்லை என்பதுதான் அதில் கொடுமை. ஆளாளுக்குத் தங்களுக்குச் சொல்லிக் கொடுத்தபடிதான் நடந்தார்கள். கருப்பையா பிழைத்துக்கொண்டான், ஆனால் அதன் பிறகு அவனால் மூட்டை தூக்க முடியவில்லை. அவனைக் கட்டிலில் தூக்கிப் போனபோது அவன் பெண்சாதி எங்களைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பந்தைக் கொண்டுபோனவர்கள் நாங்கள் அல்லவா.

துரைமார் இருவரும் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். உன்னுடையது ஃபுட்பாலே இல்லை என்று மாற்றி மாற்றிச் சொன்னதுதான் அவர்கள் பேசிய கடைசிப் பேச்சு. கீழத் துரை தன் தோட்டத்து வழியில் மூங்கில் படல் போட்டு அடைத்துவிட்டார். மேலத் தோட்டத்துக்கு அரிசி கொண்டுபோக நாங்கள் ஓடையைச் சுற்றிச் செங்குத்தாக ஏற வேண்டியதாயிற்று. அதில் ஒரு மாடு கால் தவறிப் பள்ளத்தில் போய்விட்டது. மேலே கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் பல நாள் கஞ்சிதான் என்று சொல்லி அனுப்பினார்கள். பந்தை இருவருமே வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அண்ணன் அதைக் கொண்டுவந்து கடையில் உப்பு மூட்டைக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்தார்.

சித்திரை கழிந்து முதல் மழை விழுந்ததும் மலையில் காய்ச்சல் கிளம்பும், உனக்குத் தெரியும். அந்த வருடம் அது மேலத் துரையைப் பிடித்தது. நினைவு தப்பித் தப்பி வந்தது. அவரை டோலியில் வைத்துக் கீழே இறக்க வேண்டும், ஓடையைச் சுற்றினால் ஆள் தாங்காது. அவருடைய ஆட்கள் படலுக்கு முன்னால் டோலியை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். விஷயம் கேள்விப்பட்டுக் கீழத் துரை தானே ஓடி வந்து படலைப் பிடுங்கி எறிந்தாராம். பிறகு டோலியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மழையில் நடந்தே போடி வரைக்கும் வந்தார். பெரியகுளத்து டாக்டரிடம் கொண்டுபோக வண்டி பூட்டும் வரையில் நம் கடையில்தான் இருவரும் தங்கினார்கள். நோயாளியை அண்ணன் தன் பாயில் படுக்க வைத்தார். கீழத் துரை, சேறும் சகதியுமாக, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார்.

காய்ச்சல் கொஞ்சம் விட்டிருந்த நேரம் அது. மேலத் துரையின் கண் ஆணியில் தொங்கிய பந்தின் மேல் போயிற்று. எடுத்துக் கொடுக்கச் சொல்லி வாங்கி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். இருவரும் தங்கள் பாஷையில் ஏதோ பேசினார்கள், மேலத் துரை மெல்லச் சிரித்தார். அப்போதுதான் உன் பெரியத்தா, யாரும் கேட்கத் துணியாததைக் கேட்டார்.

"தொரை, கோவிச்சுக்கக் கூடாது. நெசமான ஃபுட்பால் உங்க ரெண்டு பேர்ல யாருது?"

கீழத் துரை தன் தோட்டத் தமிழில் விளக்கமாகச் சொன்னார். அவர்களுடைய சீமையில் பாட்டன் பூட்டன் காலத்தில் இதற்குச் சட்டதிட்டம் எதுவும் கிடையாதாம். நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள் ஊரே இரண்டாகப் பிரிந்து, ஒரு தோல் பையை ஒரு கோயிலிலிருந்து இன்னொரு கோயிலுக்கு உதைத்தும் தூக்கியும் கொண்டுபோவார்களாம். உள்ளே காற்று நிரப்பியது பன்றியின் மூத்திரப்பை என்று அவர் சொன்னதும் அண்ணன் சத்தமில்லாமல் எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். இந்தப் பந்தில் இருப்பது ரப்பர்தான் என்று துரை சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. குதிரையில் ஏறி விளையாடினவர்கள் பெரிய மனிதர்கள், தரையில் காலூன்றி ஓடி விளையாடினவர்கள் ஏழைகள், அதனால்தான் காலை வைத்துப் பெயர் வந்தது என்று சிலர் சொல்வார்களாம். இல்லை, காலால் உதைப்பதால்தான் என்று வேறு சிலர். அது இன்றைக்கும் தீர்ந்தபாடில்லையாம்.

பிறகு பள்ளிக்கூடத்துக்கு ஒரு விதமாக ஆட்டம் பெருகிவிட்டது. ஒருவரோடொருவர் ஆட முடியவில்லை. எல்லாரும் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரே சட்டமாக எழுதிவிடுவோம் என்று கூடினார்கள். பந்தைக் கையில் எடுத்து ஓடலாமா, ஓடுகிறவனின் முழங்காலுக்குக் கீழே உதைக்கலாமா என்பதில் தகராறு வந்தது. கூடாது என்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூடும் என்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். உட்கார்ந்திருந்தவர்களின் வழியில் வந்தது கீழத் துரையின் ஆட்டம். எழுந்து போனவர்களின் வழியில் வந்தது மேலத் துரையின் ஆட்டம், ரக்பி என்று அதற்கு இன்னொரு பெயரும் உண்டு. ஆனால் எழுந்து போனவர்களும் ஃபுட்பால் என்ற பெயரைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போனார்கள். அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள் அங்கே வேறு மாதிரி ஆடிக்கொண்டு, அதையும் ஃபுட்பால் என்கிறார்களாம். அயர்லாந்துக்காரர்கள் கையும் காலும் கலந்து ஆடி, எங்களுடையதுதான் ஃபுட்பால் என்கிறார்களாம். இத்தனையும் சொல்லிவிட்டு, "பேர் எல்லாருக்கும் சொந்தம். சண்டை போட்டது தப்பு," என்றார் கீழத் துரை. அதைச் சொல்லும்போது எங்களைப் பார்க்கவில்லை, பாயில் படுத்திருந்தவரைப் பார்த்தார். மேலத் துரை கையை நீட்டினார். அவர் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் வண்டி ஏறிப் போன பிறகு கடையில் நானும் அண்ணனும் மட்டும் இருந்தோம். அண்ணன் பந்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏப்பா, நாளப்பின்ன நீயும் நானும் தனித்தனியாப் போக வேண்டி வந்தா, இந்தக் கடைப் பேரு யாருக்கு?"

"ரெண்டு பேருக்குந்தாண்ணே. இதுல என்ன கேள்வி?"

அவ்வளவுதான் பேச்சு. நாங்கள் அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அண்ணன் தலையை ஆட்டிவிட்டுப் பந்தை மறுபடி ஆணியில் மாட்டினார்.

மேலத் துரை பிழைக்கவில்லை. பெரியகுளத்தில்தான் அடக்கம். அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கீழத் துரை, பந்தயம் நடந்தே ஆக வேண்டும் என்றார். முதல் பாதி காலால், மறு பாதி கையால் என்று அவரே முறை வைத்தார். இரண்டு தோட்டத்துக்கும் பொதுவான ஆள் என்று உன் பெரியத்தாவைத்தான் நடுவில் நிற்கச் சொன்னார்கள். அவர் கருப்பையாவை அழைத்து வந்து, பந்தை அவன் கையில் கொடுத்து, ஆட்டத்தை நீ தொடங்கி வையப்பா என்றார். மறு பாதியில் கீழத் துரை தானே பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். தொந்தி குலுங்க ஓடி விழுந்து எழுந்தார். ஜனங்கள் சிரித்தார்கள். அவர் மட்டும் அழுதுகொண்டிருந்தார். ஒரு வெள்ளைக்காரர் அத்தனை பேர் முன்னால் அழுததை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. கையைப் பிடித்துக்கொள்ள அந்த மனிதருக்குக் கிடைத்தது ஒரு நாள்தான். படல் போட்டு அடைத்திருந்த மாதங்களை அவர் எண்ணிப் பார்த்திருப்பார்.

இனி நம் சங்கதிக்கு வருகிறேன். உன் பாட்டனார் இந்தக் கடையைப் போட்டபோது அதற்குப் பெயரே கிடையாது. மெட்டுக்கு ஏறுகிறவர்கள் கடைசியாகச் சாமான் வாங்குகிற இடம் என்பதால் மலை ஜனங்கள்தான் மெட்டுக்கடை என்றார்கள். நாம் வைத்த பெயர் இல்லை அது. பலகை என்று ஒன்றை நீ தலையெடுத்த பிறகுதான் மாட்டினாய். ஐரோப்பாவில் சண்டை நடந்த வருடங்களில் உன் பெரியத்தா ஏலக்காயை மொத்தமாக வாங்கி வடக்கே அனுப்பலாம் என்றார். எனக்குக் கடையே போதும் என்றிருந்தது. அவர் எழுந்து போனார், உண்மைதான். ஆனால் எங்களுக்குள் ஒரு கடுஞ்சொல் கிடையாது. பாகம் பிரித்த அன்று, தராசு யாருக்கு, பெட்டி யாருக்கு என்று நீ பேசிக்கொண்டிருந்தாய். அவர் எனக்கு எதுவும் வேண்டாமப்பா என்று சொல்லிவிட்டு, ஆணியிலிருந்த பந்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அதற்குள் அது காற்றுப் போய் வெறும் தோலாகச் சுருங்கியிருந்தது. பெரியத்தாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டதா என்று நீ என்னிடம் சிரித்தாய். நான் அப்போதும் உனக்குச் சொல்லவில்லை. அவர் என்னிடம் வாங்கிய வார்த்தையைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார் என்பது எனக்குத் தெரியும்.

அவர் மவுத்தாகி அடக்கமான பிறகு காதருக்கு வடக்கு வியாபாரம் சரிப்படவில்லை. தனக்குத் தெரிந்த தொழிலுக்கு, சில்லறைக் கடைக்கு வந்தான். மலை ஜனங்கள் அவன் கடையைப் பெரியவர் மெட்டுக்கடை என்றும், நம் கடையைச் சின்னவர் மெட்டுக்கடை என்றும் சொல்கிறார்கள். அவர்கள் குழம்பவில்லை, நாம்தான் குழம்புகிறோம். போன வாரம் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண்பிள்ளை, தான் சொல்லி வைத்த கம்பளி வந்துவிட்டதா என்று என்னிடம் கேட்டாள். சொல்லி வைத்தது காதரிடம். உன் ஆட்கள் அவளை விரட்டப் பார்த்தார்கள். உட்காரு ஆத்தா, வெரசா கொண்டாறேன் என்று சொல்லிவிட்டு நானே மேலத்தெருவுக்கு நடந்தேன். நீ காதரோடு பேச்சை நிறுத்திய பிறகு நான் அந்தக் கடைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

காதர் என்னைக் கண்டதும் கல்லா மெத்தையிலிருந்து துள்ளி எழுந்தான். தன் அத்தா உட்கார்ந்த இடத்தில் என்னை உட்கார வைத்தான். கம்பளியை எடுத்து மடித்துக் கொடுத்தான். எதிரே சுவரில், உப்பு மூட்டைக்கு மேலே, அந்தப் பந்து தொங்கியது. நான் அதையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்.

"சின்னத்தா, இது எதுக்கு இங்க தொங்குதுன்னு உங்களுக்காச்சும் தெரியுமா? கடைசி வரைக்கும் அத்தா சொல்லவே இல்ல. இத மட்டும் எடுத்துராதன்னுதான் சொல்லிட்டுப் போனாரு."

அப்புறம் சொல்றேன் அப்பு என்று கம்பளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தெருவில் நடக்கும்போது என் அண்ணனை நினைத்து அழுதேன். என் மேல் அவருக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருந்தால், தன் மகனிடம்கூடச் சொல்லி வைக்காமல் போயிருப்பார்? தம்பி இருக்கிறான், அவன் வார்த்தை இருக்கிறது, அதற்குச் சாட்சி எதற்கு என்று விட்டிருக்கிறார். அந்த வார்த்தைக்கு எதிராகக் கோர்ட்டில் கொடுப்பதற்குத்தான் நீ இப்போது என் கையெழுத்தைக் கேட்கிறாய்.

வக்காலத்துத் தாளை இதனுடன் மடித்து வைத்திருக்கிறேன். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாகவே இருக்கிறது. நான் உயிரோடு இருக்கும்வரை அது காலியாகவே இருக்கும். எனக்குப் பிறகு கடை உன் கைக்கு வரும், அப்போது நீ நினைத்ததைச் செய்துகொள்ளலாம், உன்னைத் தடுக்க நான் இருக்க மாட்டேன். அதனால்தான் கண் மங்கினாலும் விளக்கைக் கிட்டே வைத்துக்கொண்டு இத்தனையும் எழுதினேன். நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதைக் கேட்டவர்கள் வேறு யாரும் இல்லை. ஒருவர் போய்விட்டார். எனக்கும் மூச்சு முன்போல் இல்லை. இனி அது உனக்குத் தெரியும்.

ஊருக்குத் திரும்பி வந்ததும் முதலில் என்னைப் பார்க்க வர வேண்டும் என்றில்லை. நேரே மேலத்தெருவுக்குப் போ. காதர் எழுந்து உனக்கு இடம் கொடுப்பான், உட்கார். சுவரில் அந்தப் பந்து ஏன் தொங்குகிறது என்று அவனுக்கு இன்னும் தெரியாது. நீ சொல்.

உன் அத்தா